குளிரறைக் குறிப்பேடு

நான்கு பாகை.
இரவு பத்துக்கு ஒருமுறை, இரண்டுக்கு ஒருமுறை,
விடியலில் ஒருமுறை எழுதுவேன்: நான்கு.
கீழே என் பெயர், வெண்டெல்.
ஹங்கேரிச் சமவெளியின் இந்த ஆய்வு நிலையத்தில்
என் வேலை குளிரைக் காப்பது.
எதிலிருந்து என்று யாரும் கேட்டதில்லை.

உள்ளே மங்கிய விளக்கில்
அறுபது தொட்டி அலகோர்,
உமிக்கு ஒரே மணி வைக்கும் பழைய கோதுமை.
விரலுயரப் புல், அவ்வளவுதான்.
எட்டு வாரம் குளிர்ந்தாக வேண்டும்.
இல்லையேல் எத்தனை வெயில் கொடுத்தாலும்
புல்லாகவே கிடக்கும்.

ரோசாலியா சுவரில் படம் ஒட்டியிருக்கிறாள்.
ஒரு மரபணு 'பூக்காதே' என்கிறது.
இன்னொன்று தூங்குகிறது.
குளிர் அதை அடித்து எழுப்புவதில்லை;
தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிறது
கடன் கொடுத்தவன்போல.
ஒருநாள் எழுந்தது
'பூக்காதே'யின் வாயைப் பொத்துகிறது.
அப்புறம்தான் இலையிலிருந்து ஒரு சேதி
குருத்து நுனிக்குக் கிளம்புகிறது:
இலை போதும், கதிர் செய்.
படத்தில் மூன்றே அம்புகள்.

எனக்கும் ஒரு நாள்கணக்கு இருந்தது,
சட்டைப்பையில், சின்ன நோட்டில்.
அது இங்கே வேண்டாம்.

பத்தொன்பதாம் இரவு கம்ப்ரசர் நின்றது.
பதினொன்று. பதினாறு. இருபத்துமூன்று.
சனவரிதானே, வெளியே தள்ளிவிடலாம் என்று
சரக்குக் கதவைத் திறந்தேன்.
வெளியே பதினைந்து பாகை.
ஹேசல் மரம் மகரந்தம் உதிர்த்துக்கொண்டிருந்தது.
குளிர்காலமும் பழுதாகிக் கிடந்தது;
அதைச் சரிசெய்பவர் எண் சுவரில் இல்லை.

'நான்கு' என்று எழுதியிருக்கலாம்.
பேனா ஒரு கணம் என்னைப் பார்த்தது.
இருபத்துமூன்று என்று எழுதினேன்.

பழுது பார்க்க ஒன்பது நாள்.
அந்தத் தொகுதியைக் கழித்துவிட்டாள் ரோசாலியா.
குப்பைக்குப் போக வேண்டியவற்றைக்
கண்ணாடிக்கூடத்தின் கோடியில் ஒதுக்கி வைத்தேன்.

மே மாதம்.
ஐம்பத்தொன்பது தொட்டியில் புல், அடர்ந்து, தொங்கி.
பட்ட குளிரையும் அந்த வெக்கை துடைத்துவிட்டதாம்.
முப்பத்தொன்றில் மட்டும் தொண்டைக்கதிர்.

சோதித்தார்கள்.
அதற்குள் 'பூக்காதே' சொல்ல ஆளே இல்லை,
அந்தத் துண்டு எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.
கேக் வந்தது. படம் எடுத்தார்கள்.
நான் மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு
வீட்டுக்குப் போனேன்.

அக்டோபரில் வயல்.
முப்பத்தொன்றின் விதைகளுக்கு ஒரு பாத்தி,
பக்கத்தில் சாதாரண அலகோர்.
இதமான இலையுதிர்காலம்.
முப்பத்தொன்று கணுவிட்டு நிமிர்ந்தது,
வளர்முனையை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு.
பக்கத்துப் பாத்தி தரையோடு தரையாய்.
"இது ஏன் வளரவே இல்லை?" என்றார்
அமைச்சகத்திலிருந்து வந்தவர்.

அந்த வருடம் குளிர் வந்தது.
பிப்ரவரியில் ஆறு இரவு, மைனஸ் பதினான்கு,
போர்த்திக்கொள்ளப் பனிகூட இல்லாமல்.
ஏழாம் நாள் முப்பத்தொன்றைத் தொட்டேன்.
வெந்த வெங்காயத்தாள்போல விரலில் வழிந்தது.

படுத்திருந்த பாத்தி
ஜூனில் இடுப்பளவு நின்றது. தட்டையான சிறு கதிர்கள்,
உள்ளங்கையில் தேய்த்தால் உமியை விடாத மணி.
"இதற்கு இந்தக் குளிர் நினைவிருக்குமா?" என்றேன்.
"செடிக்கு இருந்தது," என்றாள் ரோசாலியா,
"மணிக்கு இராது. கருவாகும்போதே அழிந்துவிடும்."
பிறகு குனிந்து எண்ணத் தொடங்கிவிட்டாள்.

ஆக, குளிரைச் சொத்தாக எழுதி வைக்க முடியாது.
ஒவ்வொரு விதையும்
தன் நடுக்கத்தைத் தானே நடுங்க வேண்டும்.

இன்றிரவு புதுத் தொகுதி, அறுபது தொட்டி.
கம்ப்ரசர் இருமிவிட்டு ஓடுகிறது.
குறிப்பேட்டில்: முதல் நாள், நான்கு.
சட்டைப்பை நோட்டில்: நாற்பத்தாறு,
மூன்றாம் தடவையாக.